கடவுளைத் தூக்கிய கிரேன்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் போன் செய்தபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார். "ஹாஸ்டல் மெஸ், அரியர், ரயிலைத் தவறவிட்ட டூர், இதெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே ஆறு பேர் எழுதிட்டாங்க." ஆகவே, நண்பர்களே, கிரேக்க நாடகம்.

மெக்கானிக்கல் படித்தவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். நம் டிபார்ட்மெண்ட் பெயர்ப்பலகையில் இருக்கும் அந்த வார்த்தைக்கும் கிரேக்க நாடகத்துக்கும் நேரடி உறவு உண்டு. 'மெக்கானே' என்றால் கிரேக்க மொழியில் கருவி, உபாயம். ஏதென்ஸ் நகர நாடக அரங்கில், மேடைக் கட்டடத்துக்குப் பின்னால் நின்ற மரக் கிரேனுக்கும் அதுவே பெயர். கடவுள் வேஷம் போட்டவரைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கூரைக்கு மேலாக எடுத்துக் காட்டுவார்கள். கதை எங்கேயாவது சிக்கிக்கொண்டால் மேலிருந்து சாமி வந்து தீர்ப்புச் சொல்லும்.

தொழிற்சாலையில் தினமும் கிரேன்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் எனக்கு முதலில் பிடித்துப்போனது இந்தச் சமாசாரம்தான். கி.மு. 421-இல் அரிஸ்டோஃபனிஸ் எழுதிய ஒரு காமெடியில், திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் சாணி வண்டின் மேல் ஏறி வானத்துக்குப் போகிறார். பாதி வழியில் பாத்திரத்தை மறந்து, கிரேன் ஆளைப் பார்த்து 'பார்த்துப்பா!' என்கிற மாதிரி அலறுகிறார். இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய சேஃப்டி கம்ப்ளெயிண்ட்!

ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கப் படிக்க வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கதைகளில் சாமிகள் யாரைத் தூக்கிக் காப்பாற்றினார்கள்? யாரை விட்டுவிட்டார்கள்?

ஹோமரின் இலியடைப் பாருங்கள். பொதுவாகக் கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். 24 காண்டம், பதினைந்தாயிரத்துக்கு மேல் வரிகள். பத்து வருஷ டிராய் யுத்தத்தில் கடைசிக் கட்டத்தின் சில வாரங்கள்தான் கதை. அங்கே கிரேன் தேவையில்லை. கடவுள்கள் சொந்தமாகவே தூக்குகிறார்கள். மெனலாஸ், பாரிஸின் தலைக்கவசத்தைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கும்போது, அஃப்ரொடைட்டி கவச வாரை அறுத்து, ஆளை மூடுபனியில் சுற்றி, நேராகப் படுக்கையறையில் கொண்டுபோய்ப் போடுகிறாள். ஐனியஸை பொசைடன் தூக்கிப் படைகளுக்கு அப்பால் வீசுகிறான். ஸியுஸுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. சொந்த மகன் சார்பீடன் சாகப்போகிறான். காப்பாற்றலாமா என்று யோசிக்கும்போது ஹெரா, 'நீ செய்தால் எல்லாரும் அவரவர் பிள்ளையைக் காப்பாற்றக் கிளம்புவார்கள்' என்று தடுக்கிறாள். ஸியுஸ் ரத்த மழை பெய்வித்துவிட்டு சும்மா இருக்கிறான். கடவுளுக்கே கை கட்டப்பட்ட அந்த இடத்தை என்னால் சுலபமாகத் தாண்ட முடியவில்லை.

பெண்களை யாரும் இப்படித் தூக்குவதில்லை. பிரைசிஸ் என்ற பெண்ணைப் பற்றிய தகராறில்தான் அக்கிலிஸுக்கும் அகமெம்னனுக்கும் சண்டை, அதாவது முழுக் காவியமும். அவள் புருஷனை அக்கிலிஸ் கொன்றிருக்கிறான். மூன்று சகோதரர்களும் அதே போரில் போனார்கள். பரிசுப் பொருளாக இவன் கூடாரத்துக்கு, அங்கிருந்து அவன் கூடாரத்துக்கு. அவள் வாய் திறப்பது பத்தொன்பதாம் காண்டத்தில்தான், அதுவும் பேட்ரோக்ளஸின் பிணத்தின் மேல் விழுந்து அழும்போது. அவன் ஒருத்தன்தான் அவளிடம் தன்மையாக நடந்துகொண்டவன்.

ஹோமருக்கு இது தெரியாமல் இல்லை. ஆறாம் காண்டத்தில் ஹெக்டர், மனைவி ஆண்ட்ரோமகியிடம் விடைபெற வருகிறான். கைக்குழந்தை, அப்பாவின் கவசத்தில் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்து பயந்து வீறிடுகிறது. இருவரும் சிரித்துவிடுகிறார்கள். கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குகிறான். எனக்கு மகன் பிறந்த பிறகு இதை இன்னொரு தரம் படித்தேன். இஞ்சினியரிங் வாசிப்பு போன இடம் தெரியவில்லை. காவியம் முடிவதும் வெற்றி விழாவில் அல்ல. ஹெக்டரின் உடலுக்கு முன்னால் ஆண்ட்ரோமகி, ஹெகுபா, ஹெலன் மூவரும் ஒப்பாரி வைத்து, அடக்கம் நடப்பதோடு முடிகிறது.

இனி சுமார் முந்நூறு வருஷம் தாண்டி ஏதென்ஸுக்கு வருவோம். நாடகக்காரர்கள் இதே பழைய கதைகளையே எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஒரு காரணம், அன்றைய சொந்த துக்கத்தைக் காட்டினால் வம்பு. கி.மு. 494-இல் மிலெட்டஸ் நகரம் பாரசீகரிடம் விழுந்ததை ஃபிரினிகஸ் என்பவர் நாடகமாகப் போட்டார். மிலெட்டஸ்காரர்கள் ஏதென்ஸுக்கு உறவு. அரங்கமே அழுதுவிட்டது, அழவைத்த குற்றத்துக்கு அவருக்கு 1000 டிராக்மா அபராதம், நாடகத்துக்குத் தடை என்று ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

நடிகர்கள் எல்லாருமே ஆண்கள், முகமூடி போட்டுக்கொண்டு. (நம் ஹாஸ்டல் டே நாடகத்தில் புடவை கட்டிய திரௌபதி ஞாபகம் வருகிறதா? யார் என்று எழுத மாட்டேன். பெரிய பதவியில் இருக்கிறார்.) கோரஸில் பாடி ஆடியவர்களும் ஏதென்ஸ் குடிமக்களான ஆண்கள்தான்.

அந்த மேடையில் யூரிப்பிடிஸ் கி.மு. 431-இல் மெடியாவைக் கொண்டுவந்தார். கட்டின புருஷன் ஜேசனுக்காகச் சொந்த நாட்டையே விட்டு வந்தவள். அவன் ஒரு ராஜகுமாரியைக் கட்டிக்கொள்கிறான். அவளையும் அவள் அப்பனையும் விஷம் வைத்துக் கொன்று, தான் பெற்ற இரண்டு பிள்ளைகளையும் மெடியா கொல்கிறாள். கடைசியில் தாத்தா சூரியன் அனுப்பிய தேரில், பிணங்களோடு, உயரத்தில் நிற்கிறாள். கீழே ஜேசன் கத்துகிறான், எட்டவில்லை. சாமிக்கான இடத்தில் ஒரு கொலைகாரத் தாய்! போட்டியில் கிடைத்தது மூன்றாம் பரிசு. பிற்பாடு அரிஸ்டாட்டில், கதை முடிவு கதையிலிருந்தே வர வேண்டும், மெடியாவில் போல மெக்கானேயிலிருந்து வரக்கூடாது என்று குறை சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தரையில் அவளுக்கு நியாயம் கிடைக்காது என்பதால்தானே மேலே ஏற்றினார்?

பதினாறு வருஷம் கழித்து அவர் போட்டதுதான் 'டிராய் பெண்கள்'. அதற்கு முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஸ்பார்ட்டாவுடன் ஏதென்ஸுக்கு நெடுநாள் பகை. மெலோஸ் என்ற சின்னத் தீவு, எங்களை விட்டுவிடுங்கள், எந்தப் பக்கமும் வரவில்லை என்றது. ஏதென்ஸ் முற்றுகையிட்டது. கி.மு. 416-415 குளிர்காலத்தில் தீவு சரணடைந்தது. பிடிபட்ட ஆண்களையெல்லாம் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கி, பிறகு 500 பேரைக் குடியேற்றினார்கள் என்கிறார் தூசிடைடிஸ். அடுத்து வந்த வசந்த காலத் திருவிழாவில்தான் இந்த நாடகம். மெலோஸ் விழுவதற்கு முன்பே எழுத ஆரம்பித்திருப்பார் என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கட்டும். பார்க்க வந்தவர்கள் மெலோஸுக்குப் பிறகுதானே வந்தார்கள்?

நாடகம் தொடங்கும்போதே பொசைடனும் அதீனாவும் வந்துவிடுகிறார்கள். ஊர் திரும்பும் கிரேக்கக் கப்பல்களைப் புயலில் சிதறடிப்பது என்று பேசி முடித்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் எந்தக் கடவுளும் வருவதில்லை. கீழே ராணி ஹெகுபா தரையில் கிடக்கிறாள். எந்தப் பெண் எந்தத் தளபதிக்கு என்று தூதன் தால்திபியஸ் வந்து வந்து அறிவிக்கிறான். பிறகு, ஹெக்டரின் பிள்ளையை மதில் மேலிருந்து தள்ளிவிட முடிவு செய்திருக்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவருகிறான். சொல்ல அவனுக்கே நாக்கு எழவில்லை. ஆண்ட்ரோமகியைக் கப்பலேற்றிவிடுகிறார்கள், பிள்ளையை அடக்கம் செய்யக்கூட அவள் இல்லை. ஆற்றில் தானே கழுவி, அப்பாவின் கேடயத்தில் கிடத்தி, தால்திபியஸ் உடலைக் கொண்டுவருகிறான். பெட்டிக்குப் பதில் அந்தக் கேடயத்திலேயே பாட்டி பேரனைப் புதைக்கக் கொடுக்கிறாள். அன்றைக்குக் குழந்தை பார்த்துப் பயந்தது அப்பாவின் கவசத்தை.

டிராய் எரிகிறது. ஹெகுபா தெய்வங்களைக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். கூப்பிட்டு என்ன பயன் என்று அவளே கேட்டும் விடுகிறாள். இந்த இடத்தில் கிரேன் அசைந்திருக்க வேண்டும், அசையவில்லை. எக்காளம் ஊத, டிராய்ப் பெண்களாக வேஷம் போட்ட ஏதென்ஸ் ஆண்கள் கப்பலை நோக்கி நடக்கிறார்கள்.

இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். அதே வருஷக் கோடையில் ஏதென்ஸின் பெரும் கடற்படை சிசிலியைப் பிடிக்கக் கிளம்பியது. கி.மு. 413-இல் அங்கே சர்வநாசம். பிடிபட்டவர்கள் 7000 பேருக்குக் குறையாது. சிரக்கூஸ் கல்குவாரிகளில் வெயிலிலும் குளிரிலும் அடைத்துப் போட்டார்கள். அந்தத் தோல்விக்குப் பின் சிலர் பிழைத்த விதத்தைப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய புளூடார்க் சொல்கிறார். சிசிலிக்காரர்களுக்கு யூரிப்பிடிஸ் பாட்டென்றால் உயிர். அவர் பாட்டில் ஞாபகம் இருந்ததைச் சொல்லிக் கொடுத்த அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. வழியில் அலைந்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கிடைத்தது. ஊர் திரும்பியவர்கள் பலர் யூரிப்பிடிஸைத் தேடிப்போய் நன்றி சொன்னார்களாம்.