நடக்காத சண்டைகளின் வரலாறு
(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்களில் சிலருக்கு இது காலை, சிலருக்கு நள்ளிரவு. தூக்கத்தை விட்டுவிட்டு வந்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

இலக்கியக் கூட்டத்தில் குத்துச்சண்டை பற்றிப் பேசுகிறேன் என்றதும் சிலர் யோசித்திருப்பீர்கள். ஆனால் நான் பேசப்போவது நமக்கு மிகவும் பழகிய ஒரு பழக்கத்தைப் பற்றி. கம்பனா இளங்கோவா, சிவாஜியா எம்.ஜி.ஆரா, எம்.எஸ்.வி.யா இளையராஜாவா என்று விடிய விடிய வாதாடும் பழக்கம் நம் ரத்தத்தில் இருக்கிறது. குத்துச்சண்டை ரசிகர்களுக்கும் அதே நோய்தான். ஜாக் ஜான்சன் இன்று இருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜோ லூயிஸும் முகமது அலியும் இருபத்தைந்து வயதில் மோதியிருந்தால் யார் விழுந்திருப்பார்கள்? நூறு வருடங்களுக்கும் மேலாக இந்தக் கேள்விகள் ஓயவில்லை.

கம்பனையும் இளங்கோவையும் ஒரே மேடையில் ஏற்ற முடியாது. இரண்டு குத்துச்சண்டை வீரர்களை ஏற்றலாம். 1969இல் அமெரிக்காவில் ஒருவர் அப்படி ஏற்றியும் பார்த்தார். அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

மரே வொரோனர் என்பவர் மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர். 1967இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களிலும் பதினாறு பேரைத் தேர்ந்தெடுத்து, கணினியை வைத்து அவர்களை மோதவிட்டு, அதை வானொலியில் நேர்முக வர்ணனையாக ஒலிபரப்பினால் என்ன? ஒவ்வொரு வீரரின் வேகம், குத்தின் பலம், அடி தாங்கும் திறன், முகம் எளிதில் கிழியுமா என்பது வரை குத்துச்சண்டை எழுத்தாளர்களிடமும் வல்லுநர்களிடமும் கேட்டு, அந்த விவரங்களை என்.சி.ஆர். 315 என்ற கணினியில் ஏற்றினார். கடைசியில் வென்றவர் ராக்கி மார்சியானோ. முகமது அலி காலிறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாகக் கணினி சொல்லிவிட்டது.

அலி கோபப்பட்டார். தன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கற்பனைச் சண்டையில் தோற்றதற்கு மான நஷ்ட வழக்கா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் ஜெஃப்ரீஸ் யார் என்று தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும். முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சனை வீழ்த்தி வெள்ளை இனத்தின் மானத்தைக் காப்பாற்றவேண்டும் என்று, ஓய்விலிருந்து திரும்ப அழைத்து வரப்பட்டவர் அவர். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் பதினைந்தாவது சுற்றில் அவர் தோற்றார். அந்தச் செய்தி பரவிய இரவில் அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். ரீனோவில் கிடைக்காத வெற்றியை, 57 வருடம் கழித்து ஒரு கணினி ஜெஃப்ரீஸுக்கு வேறொரு கறுப்பினச் சாம்பியன் மேல் எடுத்துக் கொடுத்தது. அலியின் கோபத்தை இப்படியும் பார்க்கவேண்டும்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. அலியும் மார்சியானோவும் நேருக்கு நேர் நின்று ஒரு படத்தில் நடிப்பது என்று ஏற்பாடு. அதுவரை தோல்வியே காணாத சாம்பியன்கள் இருவர். மார்சியானோ 49 சண்டைகளில் 49 வெற்றியோடு 1956இல் ஓய்வு பெற்றவர். அலி 29 சண்டைகளில் 29 வெற்றி. 1969 கோடையில் மயாமியில் ஓர் அரங்கத்தின் கதவைச் சாத்திவிட்டு, ஒரு நிமிடச் சுற்றுகளாகச் சுமார் எழுபது சுற்றுகளைப் படம் பிடித்தார்கள். நாற்பத்தைந்து வயது மார்சியானோ ஐம்பது பவுண்டு வரை எடை குறைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். பல விதமான முடிவுகளை எடுத்து வைத்தார்கள். எது உண்மையான முடிவு என்பது இருவருக்கும் சொல்லப்படவில்லை. அதைக் கணினிதான் முடிவு செய்யும் என்றார்கள்.

மார்சியானோ அந்த முடிவைப் பார்க்கவே இல்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று, தன் 46ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அயோவா மாநிலத்தில் சிறு விமானம் விழுந்து இறந்துபோனார். படம் 1970 ஜனவரி 20 அன்று சுமார் 1,500 திரையரங்குகளில் ஒரே நேரத்தில் காட்டப்பட்டது. அமெரிக்க ரசிகர்கள் பார்த்த படத்தில், பதின்மூன்றாவது சுற்றில் அலி நாக் அவுட் ஆகிறார். 1952இல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் புள்ளிகளில் பின்தங்கியிருந்த மார்சியானோ ஒரே குத்தில் பட்டத்தைப் பிடித்ததும் பதின்மூன்றாவது சுற்றில்தான். ரசிகர்கள் நினைவில் வைத்திருந்த காட்சியையே கணினி அவர்களுக்குத் திரும்பக் கொடுத்தது. ஐரோப்பாவில் காட்டப்பட்ட இன்னொரு பிரதியில் அலி வெல்கிறார். ஒரே கணினி, ஒரே சண்டை, இரண்டு முடிவு. ஊருக்குத் தகுந்த தீர்ப்பு.

கணினி பொய் சொல்லியது என்று நான் சொல்லவில்லை. வல்லுநர்களின் அபிப்பிராயத்தை உள்ளே போட்டார்கள், அபிப்பிராயம் வெளியே வந்தது. அவ்வளவுதான்.

அந்த வல்லுநர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நாட் ஃபிளைஷர் 1922இல் 'தி ரிங்' பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். அரை நூற்றாண்டு குத்துச்சண்டையை நேரில் பார்த்தவர். அவர் கடைசியாக வெளியிட்ட எக்காலத்துக்குமான ஹெவிவெயிட் வரிசையில் முதல் இடம் ஜாக் ஜான்சனுக்கு. முதல் ஐந்து பேருமே 1930க்கு முன்பு சண்டையிட்டவர்கள். முதல் பத்தில் அலிக்கு இடமே இல்லை. அவரை அறியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இருபது வயதில் பார்த்த வீரனைப்போல் அறுபது வயதில் பார்க்கும் வீரன் இருப்பதில்லை. நாம் பள்ளி வயதில் கேட்ட பாட்டுக்கு இணையாக இன்றுவரை ஒரு பாட்டும் வரவில்லை, இல்லையா?

சரி, பாசத்தை ஒதுக்கிவிட்டுத் திறமையை மட்டும் அளந்தால் விடை கிடைக்குமா? 1970களின் வரலாறு அதற்கும் இடம் தரவில்லை. 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியர் அலியை வென்றார். 1973 மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். ஜார்ஜ் ஃபோர்மன் 1973 ஜனவரியில் ஃபிரேசியரை இரண்டே சுற்றில் முடித்தார். 1974 மார்ச்சில் நார்ட்டனையும் இரண்டே சுற்றில் முடித்தார். இந்தக் கணக்கை யார் கையில் கொடுத்தாலும் ஃபோர்மன் அலியைக் கொன்றே விடுவார் என்றுதான் சொல்வார்கள். அப்படித்தான் சொன்னார்கள். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் அலி கயிற்றில் சாய்ந்தபடி ஃபோர்மனின் குத்துகளை வாங்கிக்கொண்டே அவரைக் களைக்க வைத்து, எட்டாவது சுற்றில் கீழே தள்ளினார்.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சண்டை மட்டும் நடக்காமல் போயிருந்தால், ஃபோர்மனே பெரியவர் என்று இன்றுவரை ஆதாரத்தோடு நிரூபித்துக்கொண்டிருப்போம். திறமை என்பது ஏணி மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவனின் பலம் எதிரில் நிற்பவனைப் பொறுத்து பலவீனமாக மாறுகிறது. அதனால்தான் சண்டையை நடத்திப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நடக்காத சண்டைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காலம் தடுத்தது. ஜான்சனும் அலியும் மோத முடியாததற்கு யாரும் குற்றவாளி இல்லை. அதைப் பேசுவது ஒரு விளையாட்டு, தாராளமாகப் பேசலாம். இன்னொன்று, மனிதர்கள் தடுத்தது.

பீட்டர் ஜாக்சன் என்ற கறுப்பின வீரர் 1891இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கார்பெட்டுடன் 61 சுற்றுகள் மோதினார். அதற்கு மேல் இருவராலும் முடியாமல் முடிவில்லாத சண்டை என்று நிறுத்தினார்கள். அடுத்த வருடம் சாம்பியன் ஜான் எல். சல்லிவன் தன்னோடு மோத வரும்படி எல்லோருக்கும் சவால் விட்டார், கறுப்பினத்தவரைத் தவிர. அந்த வாய்ப்பு கார்பெட்டுக்குப் போனது. அவர் சல்லிவனை வென்று சாம்பியன் ஆனார். ஜாக்சன் பட்டத்துக்காக ஒருமுறைகூட மேடை ஏறாமலே இறந்தார்.

ஹாரி வில்ஸ் கதையும் அதேதான். 1919 முதல் 1926 வரை ஜாக் டெம்ப்ஸி சாம்பியன். அந்த வருடங்களில் அவருக்குச் சரியான போட்டியாளர் வில்ஸ் என்று பலரும் எழுதினார்கள். 1922இல் ஒப்பந்தம்கூடக் கையெழுத்தானது. ரீனோவின் நினைவு, கறுப்பர் ஒருவர் மறுபடி சாம்பியன் ஆகிவிடுவாரோ என்ற பயம், பணக் கணக்கு எல்லாம் சேர்ந்து அந்தச் சண்டையை விழுங்கிவிட்டன. டெம்ப்ஸி பெரியவரா என்று வாதிடும்போது, வில்ஸின் பெயரைச் சொல்லாமல் வாதிடுவது நியாயமில்லை.

இப்போது மயாமி அரங்கத்துக்குத் திரும்புவோம். இருபத்தேழு வயது, உடம்பு உச்சத்தில் இருக்கும் காலம். அலி ஏன் அங்கே வயதான ஒருவரோடு பொய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்? நிஜச் சண்டை போட அவருக்கு அனுமதி இல்லை. 1967 ஏப்ரல் 28 அன்று வியட்நாம் போருக்கு ராணுவத்தில் சேர மறுத்தார். உடனே பட்டம் பறிக்கப்பட்டது, உரிமங்கள் போயின, ஐந்து வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் வெளியே இருந்தாலும் மேடை ஏற வழியில்லை. படத்துக்காகக் கிடைத்த சுமார் 10,000 டாலர் அவருக்குத் தேவைப்பட்டது. 1970 அக்டோபரில்தான் திரும்பி வந்தார். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் தண்டனையை ரத்து செய்தது. மூன்றரை வருடங்களை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பித் தர முடியவில்லை. திரும்பி வந்த அலி பழைய வேகத்தில் கால் மாற்றி ஆடவில்லை.

பறித்த பட்டத்தின் ஒரு பகுதியை 1968இல் வென்றவர் ஜிம்மி எல்லிஸ், அலியின் சொந்த ஊர்க்காரர், நண்பர். 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியபோது எதிரில் நின்றவரும் அதே எல்லிஸ்தான். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துக் குத்துச்சண்டை பேசிய ஊர் அது. அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் இந்த நேரலையிலும் இருக்கக்கூடும். அவர்கள் பார்த்தது முப்பத்தெட்டு வயது அலியை. இருபத்தேழு வயது அலி மேடையில் எப்படி இருந்திருப்பார் என்பதை உலகத்தில் யாருமே பார்க்கவில்லை. கதவடைத்த அரங்கத்தில் ஒரு நிமிடச் சுற்றுகளில் அவர் நடித்ததுதான் மிச்சம்.

அடுத்த முறை யார் பெரியவர் என்ற பேச்சு வரும்போது தயங்காமல் வாதாடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். கூடவே இதையும் கேளுங்கள்: இவரோடு மோதவேண்டியிருந்தவர் யார், அவரை மேடை ஏறவிடாமல் தடுத்தது யார்? நம் கவிஞர்களைப் பற்றிப் பேசும்போதும் இந்தக் கேள்வி உதவும் என்று நினைக்கிறேன்.