கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்: உரமும் அறுப்புக் காலமும்

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் என்பது கம்பையும் யானைப்புல்லையும் கலந்து உருவாக்கிய பல்லாண்டுத் தீவனப் பயிர். ஒருமுறை நட்டால் தூர் கட்டிச் சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து அறுக்கலாம்.

யானைப்புல்லின் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. டென்மார்க் தாவரவியலாளர் ஷூமாக்கர் 1827இல் இதற்குப் பென்னிசெட்டம் பர்பூரியம் எனப் பெயரிட்டார். 2010இல் இது கொழுக்கட்டைப்புல் அடங்கிய செங்க்ரஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. ரொடீசியாவின் புலவாயோவைச் சேர்ந்த கர்னல் நேப்பியர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் தீவன மதிப்பை ஆராயும்படி வேளாண் துறையை வற்புறுத்தினார். நேப்பியர் என்ற பெயர் அவரால் வந்தது. கம்பில் 14 குரோமோசோம்கள், யானைப்புல்லில் 28, ஒட்டில் 21. இதனால் ஒட்டில் விதை பிடிப்பதில்லை. கரணை வைத்தே நட வேண்டும். கம்பின் சத்தும் மென்மையும் யானைப்புல்லின் விளைச்சலும் இந்த ஒரே பயிரில் சேர்ந்திருக்கின்றன.

நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. இந்தக் கெடுவே தரத்தைத் தீர்மானிக்கிறது. நாள் தள்ளத் தள்ள எடை கூடும். ஆனால் இலையின் பங்கு குறைந்து தண்டு மிகும், புரதம் இறங்கும், நாரும் லிக்னினும் ஏறும். முற்றிய புல்லை முழுதாகப் போட்டால் மாடு தோகையை உருவித் தின்றுவிட்டுக் கணுத்தட்டைக் காடியிலேயே ஒதுக்கிவிடும். மிக இளசாக அறுப்பதும் நல்லதல்ல. நீர்ச்சத்து மிகுந்திருப்பதால் மாட்டுக்குக் கிடைக்கும் உலர்பொருள் குறைவு; சுண்ணாம்புச்சத்தைப் பிணைத்துக்கொள்ளும் ஆக்சலேட்டும் இளம் இலையில் அதிகம். இப்புல்லையே நம்பி வளரும் மாடுகளுக்குத் தாது உப்புக் கலவை கட்டாயம் தர வேண்டும்.

அடியுரமாகத் தொழுவுரம், மணிச்சத்து, சாம்பல்சத்து. ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் தழைச்சத்து இட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது முறை. தழைச்சத்து விளைச்சலையும் புரதத்தையும் உயர்த்தும். முற்றிய தண்டை மென்மையாக்க எந்த உரத்தாலும் முடியாது. அளவுக்கு மீறி யூரியா இட்டு வறட்சியும் சேர்ந்தால் அடித்தண்டில் நைட்ரேட் தேங்கும். அப்படிப்பட்ட புல் மாட்டின் உயிருக்கே ஆபத்து. புரதக் குறையை ஈடுகட்ட மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் நட்டு, இரண்டையும் கலந்து போடுவது மூட்டை மூட்டையாக யூரியா கொட்டுவதைவிட நல்ல வழி.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கோ 4, 2012இல் வெளியிட்ட கோ 5 ஆகிய இரகங்கள் இன்று பரவலாகப் பயிராகின்றன. சூப்பர் நேப்பியர் என்ற பெயரிலும் கரணைகள் விற்பனையாகின்றன.