ஏலத்தோட்ட நிழலும் ஃபேரி புளூபேர்டின் கூடும்

மட்டாஞ்சேரி யூதத் தெருக் கிடங்குகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த ஏலக்காய், மலைக்காட்டு நிழலில் விளைந்தது. இன்று ஏலக்காய்க்கான ஏலம் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகமோ கொச்சியிலேயே இருக்கிறது. உயர்ந்த மரங்கள் நின்றால் காடு நிற்கிறது என்ற எண்ணம் இவ்வணிகத்தைச் சூழ்ந்து பரவலாக நிலவுகிறது. அதை ஏற்க இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம். சான்று, மலையாளத்தில் லளித எனப்படும் ஃபேரி புளூபேர்ட்.

ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேற்பட்ட பறவை இது. ஆணின் உச்சந்தலை முதல் வாலடிவரை பளபளக்கும் கருநீலம், முகமும் வயிறும் இறக்கையும் வெல்வெட் கறுப்பு, கண் சிவப்பு. பெண்ணுக்கு மங்கிய பச்சைநீலம். பழுத்த காட்டத்தியின் உச்சிக் கிளைகளில் கூட்டமாக இறங்கும். கூர்மையான சீழ்க்கையால்தான் பெரும்பாலும் இருப்பைக் காட்டிக்கொடுக்கும்.

உச்சியில் இரை தேடும் இப்பறவை, கூடு கட்டுவதற்குக் கீழிறங்குகிறது. அடர்ந்த பசுமைமாறாக் காட்டில், இருண்ட கீழடுக்கின் இளமரங்களையும் சிறுமரங்களையுமே அது நாடுகிறது. ஏலத்தோட்டத்தில் இல்லாமற்போவது அந்த அடுக்குதான். மேலே நிழல் மரங்களுக்கு அளவாகக் கவாத்து. கீழே ஏலத் தூர்களைச் சுற்றி ஆண்டுதோறும் களையெடுப்பு. முளைத்த மரக்கன்றும் களையோடு போய்விடுகிறது. முதுமரம் சாயும்போது அதன் இடத்துக்கு வர வாரிசு இருப்பதில்லை. பல இடங்களில் அங்கே ஆஸ்திரேலிய சில்வர் ஓக் வந்துவிடுகிறது. அதில் இப்பறவைக்கு உண்ணப் பழமில்லை.

நாட்டு மர நிழலுள்ள தோட்டங்களில் மழைக்காட்டுப் பறவைகள் கூடுதலாகக் காணப்படுவதை ஆனைமலையில் டி. ஆர். சங்கர் ராமன் முதலியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதில் ஐயமில்லை. ஆனால் அத்தி பழுத்த வாரத்தில் வந்துபோகும் பறவையும் அங்கேயே குஞ்சு பொரிக்கும் பறவையும் கணக்கெடுப்பில் ஒன்றாகவே பதிவாகும். தோட்டத்தின் தரத்தைச் சொல்வது இரண்டாவதுதான்.

கூடு ஒருபுறம் இருக்க, உணவும் குறைகிறது. மிளகுக் கொடி படரும் கல்யாண முருங்கையின் பூந்தேனும் ஃபேரி புளூபேர்டுக்கு விருப்பமானது. 2000களின் நடுவில் பரவிய கொப்புளக் குளவி அம்மரங்களைக் கேரளமெங்கும் நலித்தது.

பழைய பதிவுகளோடு ஒப்பிடுவதிலும் எச்சரிக்கை தேவை. 1933இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கள ஆய்வு செய்தார். பறம்பிக்குளம் காட்டு மரத்தைச் சாலக்குடிக்கு இறக்க 1907இல் போடப்பட்ட டிராம் பாதை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கொச்சியின் வணிகத் தேவை அந்தக் காட்டை எட்டிவிட்ட பிறகு எழுதப்பட்ட பதிவு அது. தீண்டப்படாத காட்டின் அளவுகோலாக அதைக் கொள்ளலாகாது.

ஏலத்தோட்டங்களை மதிப்பிடுவோர் நிழலின் விழுக்காட்டோடு நிற்காமல், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கூடுகளையும் தேட வேண்டும். ஓடைக் கரைகளில் களைவெட்டுக் கத்தி படாத இளமரப் பட்டைகளை விட்டுவைத்த தோட்டத்துக்குத் தனி மதிப்பெண் தர வேண்டும்.