பெயர்த்த மனையும் பெயராத நெய்தலும்

ஊர்ப்புற வாழ்வை அதன் மனைகளோடு காத்துவைக்கும் திறந்தவெளி அருங்காட்சியக முறை, 1891-இல் ஆர்தர் ஹசேலியஸ் ஸ்டாக்ஹோமில் நிறுவிய ஸ்கான்சனால் உலகறிந்ததாயிற்று. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவும் அவ்வழிப்பட்டதே. செட்டிநாட்டு வணிகர் மனையொன்று பிரித்துக் கொணரப்பெற்று அங்கு மீண்டும் எழுப்பப்பெற்றுள்ளது. அதனைக் கண்ட நாம், இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள மீனவர் குப்பங்களையும் இவ்வாறு பெயர்த்து வைத்தல் கூடுமோ என ஆராயப் புகுந்தோம்.

கூடாது என்பதே நம் துணிபு. செட்டிநாட்டு மனையின் வாழ்வு பெரும்பாலும் முகப்பு, வளவு, கட்டு என அதன் சுவர்களுக்குள் அடங்குவது. ஆதலின் மனை பெயர்ந்தால் வாழ்வின் சுவடும் உடன்பெயரும். நெய்தற்குடியின் குடிலோ உறங்குமிடமே, தொழிற்களம் மணற்பரப்பு. கட்டுமரத்தைக் கரையேற்றிக் கயிறவிழ்த்து மரங்களை உலரவைத்ததும், வலை செப்பனிட்டதும், கருவாடு காயவிட்டதும், மீன் ஏலம் கூறியதும் மணலிலேயாம். குடிலைப் பெயர்க்கலாம், கடலோடு கூடிய மணலைப் பெயர்த்தல் யாங்ஙனம்?

வடசென்னையில் அம்மணலே பெரிதும் அழிந்துபட்டது. சென்னைத் துறைமுகத்தின் மதில்கள் 1881 நவம்பர்ப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பெற்றன. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அவை தடுத்தமையின் தெற்கே மெரினா அகன்றது; வடக்கே கரை தேய்ந்தது. இன்று இராயபுரத்திற்கும் எண்ணூருக்கும் இடையே பலவிடங்களில் கருங்கற் குவியலே கரை. மெரினாவின் அகலத்தைப் புகழ்வோர் அதன் விலையைக் கொடுத்தவர் யாவர் என வினவுவதில்லை. எண்ணூரில் 1970-இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பெற்றது. கடல் கொண்ட கரையோ மீளவில்லை.

இவ்வட்டாரத்தின் பழைய ஊர்வாழ்வு முற்றும் சான்றின்றிப் போயிற்றென்பதன்று. திருவொற்றியூர்க் கோயிலின் கருங்கல் விமானத்தை முதலாம் இராசேந்திரன் காலத்தில் எடுத்த இரவி என்னும் வீரசோழத் தச்சனைக் கல்வெட்டு பெயர்சொல்லி நிறுத்துகின்றது. சேக்கிழாரும் கலிய நாயனார் வாயிலாக அவ்வூர்ச் செக்குத் தொழிலோர் வாழ்ந்த சக்கரப்பாடித் தெருவைக் காட்டுகின்றார். எனினும் கடல்மேற் சென்றார் தொழிலைக் கல்லில் வெட்டிவைத்தார் மிகச் சிலர்.

அத்தொழிலுக்குரிய சான்று பெரும்பாலும் மீனவர் வாய்மொழியிலேயே உள்ளது. இழைக்கண்ணாடிப் படகு வந்தபின் கட்டுமரம் அருகியது. அதன் உறுப்புப் பெயர்களும் உடனருகுகின்றன. காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் வழங்கும் சொற்கள் முதியோரிடத்து இன்னும் உள. முதுகலை மாணவர் அவற்றைத் தொகுக்கப் புகின், சொல்லோடு திசையையும் பருவத்தையும், அச்சொல் வழங்கிய கரையையும் குறித்தல் வேண்டும். சான்றாக, சென்னைக்கரை மீனவர் வடக்கிலிருந்து வரும் நீரோட்டத்தை வன்னி என்பர். தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்பர். முன்னர் இக்குப்பங்களுக்கு மணல் கொணர்ந்தது தெண்டியே.