இடிந்த வீட்டின் பக்கச் சுவர்: அமெரிக்க நகரங்களில் சமூகச் சுவரோவியம் வளர்ந்த வரலாறு

பிலடெல்பியா நகரின் பழைய வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்டவை. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே செங்கல் சுவர்தான் இருக்கும். ஒரு வீட்டை இடித்தால், அதுவரை யார் கண்ணிலும் படாதிருந்த அந்தப் பொதுச்சுவர் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதில் ஜன்னலும் கிடையாது, வாசலும் கிடையாது. பழைய மாடிப்படியின் தடமும் உரிந்த பூச்சும் தெரியும் மூன்று மாடி உயர வெறுஞ்சுவர். அதன் காலடியில் குப்பை சேரும் காலி மனை. 1950-இல் 20,71,605 பேர் வாழ்ந்த அந்நகரில் 1990-இல் இருந்தவர்கள் 15,85,577 பேர். ஆலைகள் மூடப்பட்டன. வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு வங்கிகள் வீட்டுக்கடன் தர மறுத்தன. கைவிடப்பட்ட வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தன அல்லது இடிக்கப்பட்டன. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சுவரோவியங்களை உருவாக்கிய நகரம் என்று பிலடெல்பியா இன்று பெயர் பெற்றிருக்கிறது. அவ்வளவு ஓவியங்களுக்கும் சுவர் கிடைத்ததற்கு இந்த இடிபாடு ஒரு முக்கியக் காரணம்.

சமூகச் சுவரோவியம் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் ஓவியரையும் அவர் வரைந்த உருவங்களையுமே தொடர்ந்து செல்கின்றன. சுவர் யாருடையது, அதன் முன்னுள்ள மனை யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்விகள் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகின்றன. அந்தக் கேள்விகளை நடுவில் வைத்துப் பார்த்தால் வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கைவிடப்பட்ட தெருவுக்கு ஓவியம் உயிர் தந்த இடங்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அந்த உயிர் எவ்வளவு காலம் நிலைத்தது என்பதை நிலத்தின் மீது அங்கு வாழ்ந்தவர்களுக்கு இருந்த பிடிதான் பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தொன்மையான பகுதியில், சிதிலமடைந்து கிடந்த ஒல்வேரா தெரு 1930-இல் மெக்சிகோ பாணிச் சந்தையாகப் புதுப்பிக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகளை ஈர்ப்பதே நோக்கம். 1932-இல் அங்குள்ள இத்தாலியர் மன்றக் கட்டடத்தின் மேல்மாடிச் சுவரில், ஏறத்தாழ 80 அடி நீளத்துக்கு ஓர் ஓவியம் வரைய மெக்சிகோ ஓவியர் டேவிட் அல்பாரோ சிக்கேரோஸ் அழைக்கப்பட்டார். வெப்பமண்டலச் சோலையை எதிர்பார்த்தவர்களுக்கு, சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதனையும் அவன் தலைக்கு மேல் அமர்ந்த கழுகையும் அவர் வரைந்து கொடுத்தார். தெருவிலிருந்து தெரிந்த பகுதிக்கு விரைவிலேயே வெள்ளையடித்தார்கள். சில ஆண்டுகளில் ஓவியம் முழுவதும் மறைந்தது. 1960-களின் இறுதியில் வெயிலிலும் மழையிலும் அந்த வெள்ளை உதிர்ந்து உருவங்கள் மங்கலாக வெளிப்பட்டபோது, மெக்சிகோ வழிவந்த இளம் ஓவியர்கள் அதைத் தங்கள் பாட்டன் சொத்தாகவே கண்டார்கள். பாதுகாப்புப் பணிகள் முடிந்து 2012 அக்டோபரில்தான் பொதுமக்கள் அதைப் பார்க்க முடிந்தது. தெருவைப் புதுப்பிப்பவரும் சுவருக்கு உரியவரும் ஒரு பக்கம், அத்தெருவின் கதைக்கு உரியவர்கள் மறுபக்கம் என்ற பிளவு அன்றே முழு வடிவில் இருந்தது.

ஆனாலும் சிக்கேரோஸ் அழைக்கப்பட்டு வந்த கலைஞர். தெருவில் வாழ்பவர்களே தங்கள் சுவரை எடுத்துக்கொண்ட நிகழ்வுக்கு 1967 ஆகஸ்டு வரை, சிகாகோ வரை வரவேண்டும். தென்சிகாகோவில் 43-ஆம் தெருவும் லாங்லி நிழற்சாலையும் சந்திக்கும் மூலையில் ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடம் இருந்தது. நகரப் புதுப்பித்தல் என்ற பெயரில் அரசு இடிக்கத் தீர்மானித்திருந்த வட்டாரம் அது. கறுப்பின அமெரிக்கப் பண்பாட்டு அமைப்பு என்ற குழுவின் ஓவியப் பட்டறையில் இருந்தவர்களுக்கு இந்தச் சுவரைக் காட்டியவர் வில்லியம் வாக்கர். ஓவியக் கல்லூரியில் படித்தவர் என்றாலும் தெரு மக்களோடு பேசிப் பழகியவர் அவர். வண்ணப் பலகை தொடும் முன் அவர் செய்தது அக்கம்பக்கத்தில் நின்று பேசி அனுமதி கேட்டது. சுவரின் ஆவண உரிமையாளரைவிட அதன் நிழலில் நிற்பவர்களின் ஒப்புதல்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. பின்னாளில் வந்த எல்லாச் சமூக ஓவியத் திட்டங்களிலும் நடந்த மக்கள் கூட்டங்களுக்கு முதல் விதை இது.

சில்வியா அபர்நாதி என்ற வடிவமைப்பாளர் சுவரைத் துறைவாரியாகப் பிரித்துக் கொடுத்தார். அரசியல் தலைவர்கள், விளையாட்டு, சமயம், இலக்கியம், நாடகம், இரு வகை இசை என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். முகமது அலி, மால்கம் எக்ஸ், டு பாய்ஸ், நீனா சிமோன், அரீத்தா பிராங்க்ளின், அதற்கு முந்தைய மாதம்தான் மறைந்திருந்த ஜான் கோல்ட்ரேன் எனப் பல முகங்கள் வந்தன. மார்ட்டின் லூதர் கிங் இடம்பெறவில்லை. அந்த நேரத்தில் அந்தத் தெருவின் அரசியல் மனநிலை எங்கிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஓவியங்களோடு புகைப்படங்களும் சுவரில் பதிக்கப்பட்டன. மரியாதைச் சுவர் என்று பெயரிட்டார்கள். திறப்பு விழாவுக்காகவே கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் ஒரு கவிதை எழுதினார். அதன்பின் அந்த மூலையில் கவிதை வாசிப்பும் ஜாஸ் இசையும் நடந்தன. வெளியூர்களிலிருந்து மக்கள் பார்க்க வந்தார்கள்.

உள்ளுக்குள் எல்லாம் சுமுகமாக இருந்துவிடவில்லை. நார்மன் பாரிஷ் வரைந்த அரசியல் தலைவர்கள் பகுதி சில வாரங்களிலேயே வெள்ளையடிக்கப்பட்டு, யூஜின் வேடு என்ற வேறோர் ஓவியரால் புதிதாக வரையப்பட்டது. சுவர் தெருவுக்குச் சொந்தம் என்றால், கலைஞரின் கையெழுத்துக்கு அங்கே என்ன மதிப்பு? இந்தக் கேள்வி குழுவையே உடைத்தது. ஜெஃப் டொனால்ட்சன், வாட்ஸ்வொர்த் ஜாரல், பார்பரா ஜோன்ஸ்-ஹோகு முதலியோர் 1968-இல் தனியே கூடித் தொடங்கிய குழுவே பின்னர் ஆஃப்ரிகோப்ரா என்ற பெயரில் புகழ்பெற்றது. வாக்கர் தெருவிலேயே தங்கினார். 1969-இல் எதிர்ப்புறக் கட்டடத்தில் வாய்மைச் சுவர் எழுந்தது. இடிப்பை எதிர்த்துக் குடியிருப்பவர்கள் போராடினார்கள். ஆனால் 1971-இல் தீப்பிடித்தது, கட்டடம் தரைமட்டமானது. நான்கே ஆண்டு வாழ்ந்த ஒரு சுவர் டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ் என நகரம் நகரமாகத் தன் வழித்தோன்றல்களை விட்டுச் சென்றது. அதைப் பெற்றெடுத்த மூலையோ வெறும் மனையாக நின்றது. இயக்கத்தின் வெற்றியை மட்டும் எழுதுபவர்கள் இந்த மனையைக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு அது முடிவதில்லை.

சான் டியேகோவின் லோகன் குடியிருப்பில் கதை தலைகீழாக நடந்தது. மெக்சிகோ வழிவந்தோர் வாழ்ந்த அந்த வட்டாரத்தை 1963-இல் ஐந்தாம் எண் விரைவுச்சாலை இரண்டாகப் பிளந்தது. 1969-இல் கொரனாடோ பாலத்தின் தூண்கள் வீடுகள் இருந்த இடத்தில் இறங்கின. பாலத்தடியில் பூங்கா வரும் என்று எதிர்பார்த்திருந்தவர்கள் 1970 ஏப்ரல் 22 அன்று புல்டோசர்களைக் கண்டார்கள். அங்கே நெடுஞ்சாலைக் காவல் நிலையம் கட்டத் தரை சமன்படுத்தப்பட்டுக்கொண்டிருந்தது. மாணவர்களும் தாய்மார்களும் கைகோத்து நின்று வேலையை நிறுத்தினார்கள். ஏறத்தாழ பன்னிரண்டு நாள் நிலத்தை விட்டு நகராமல் கள்ளியும் மரக்கன்றும் நட்டார்கள். இடம் பூங்காவுக்கு என்று முடிவான பிறகு, 1973-இல்தான் தூண்களில் வண்ணம் ஏறத் தொடங்கியது. முதலில் நிலம், அதற்குப் பிறகு ஓவியம். தூண்கள் இன்றும் மாநிலப் போக்குவரத்துத் துறைக்குச் சொந்தமானவைதாம். ஆனால் அவற்றை நினைத்தபடி தொட அத்துறையால் முடியாது. சிக்கானோ பூங்கா என்று பெயர் பெற்ற அந்த இடம் 2016-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சிகாகோவோடு ஒப்பிட்டால் வண்ணத்தின் தரத்திலோ கலைஞரின் ஆற்றலிலோ பெரிய வேறுபாடு இல்லை. எந்த வரிசையில் காரியம் நடந்தது என்பதே வேறுபாடு.

1970-களில் தேசியக் கலை நிதியமும், 1973-இல் வந்த கூட்டாட்சி வேலைவாய்ப்புப் பயிற்சிச் சட்டமும் சுவரோவியங்களுக்குப் பணம் தந்தன. அச்சட்டம் 1982-இல் முடிவுக்கு வந்ததும் பல குழுக்கள் கலைந்தன. பணம் இனி மாநகராட்சிகளிடமிருந்தே வர வேண்டியிருந்தது. மாநகராட்சிகளுக்கு வேறு கவலை இருந்தது.

பிலடெல்பியாவின் கவலை கிராஃபிட்டி. நகரின் முதல் கறுப்பின மேயரான வில்சன் குட் 1984-இல் பதவியேற்றதும் கிராஃபிட்டி ஒழிப்பு அமைப்பைத் தொடங்கினார். சுவரில் கிறுக்க மாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்திட்ட இளைஞர்களுக்கு வழக்கிலிருந்து விலக்கும் வேலையும் கிடைத்தன. அவர்களுக்கு வரையக் கற்றுத்தர அமர்த்தப்பட்டவர் கலிஃபோர்னியாவில் சுவரோவியம் வரைந்துவிட்டு வந்திருந்த ஜேன் கோல்டன். 1996-இல் அமைப்பு மாற்றியமைக்கப்பட்டபோது சுவரோவியப் பிரிவு பொழுதுபோக்குத் துறையின் கீழ்த் தனித் திட்டமானது. தலைமை கோல்டனிடம் வந்தது. அரசு இதைத் தொடங்கியது ஒழுங்குபடுத்தத்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒழுங்குக்காகத் தொடங்கிய வேலைக்குள் சிகாகோவின் பழக்கம் நுழைந்துவிட்டது. எங்கள் தெருவுக்கும் ஓவியம் வேண்டும் என்று மக்கள் விண்ணப்பித்தார்கள். தேவாலயக் கூடங்களிலும் பள்ளிகளிலும் கூடி, யாருடைய முகம் வர வேண்டும், எந்த நினைவு வர வேண்டும் என்று வாதாடினார்கள்.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்பம் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1990-இல் கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்கின் உருவத்தை, விளையாட்டு உடையில் அல்லாமல் கோட்டு சூட்டு அணிந்த கனவானாக, மூன்று மாடி உயரத்தில் படைத்தார் கென்ட் ட்விட்செல். அதை அவர் பாராசூட் துணி எனப்படும், நெய்யப்படாத மெல்லிய பாலியெஸ்டர் துணியில் வரைந்து, அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டினார். ஐந்தடிக்கு ஐந்தடித் துண்டுகளில் கோடு போட்டு எண் குறித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் மேசையில் வைத்து வண்ணம் தீட்டலாம் என்பதைத் திட்டத்தினர் பிடித்துக்கொண்டார்கள். சாரம் ஏற முடியாத முதியவர்களும் சிறு பிள்ளைகளும் வரைந்தார்கள். கிரேட்டர்ஃபோர்டு சிறையிலிருந்த கைதிகள் வரைந்த துண்டுகள் அவர்கள் கால் வைக்க முடியாத தெருக்களின் சுவர்களில் போய் ஒட்டின. சமூகம் சேர்ந்து வரைந்தது என்ற சொல்லுக்கு உண்மையான எடை கொடுத்தது இந்தத் துணிதான்.

அரசுத் திட்டத்துக்கு வெளியே, அதே நகரின் வடபகுதியில், லில்லி யே வேறொரு வழியைக் காட்டினார். நடனக் கலைஞர் ஆர்தர் ஹால் அழைத்ததன் பேரில் 1986-இல் ஒரு காலி மனையில் பூங்கா அமைக்கத் தொடங்கிய அவர் சுவரை விட்டுத் தரையிலிருந்து ஆரம்பித்தார். குப்பை அகற்றினார், மண்ணைக் குவித்தார், மொசைக் பதித்தார். போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவர் அங்கு மொசைக் தொழிலைக் கற்று மற்றவர்களுக்கும் கற்றுத்தரும் நிலைக்கு உயர்ந்தார். பக்கத்து மனைகளும் ஒவ்வொன்றாகத் தோட்டங்களாயின. கலை மனிதநேயக் கிராமம் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது.

அந்தக் கிராமம் அமைந்துள்ள ஜெர்மன்டவுன் நிழற்சாலையிலேயே 2012-இல் நடந்த முயற்சி நேரடியாகக் கடைத்தெருவையே குறிவைத்தது. ரியோ டி ஜெனிரோவின் குடிசைப் பகுதிகளில் பெயர் பெற்ற ஹாஸ், ஹான் என்ற டச்சுக் கலைஞர் இருவர் அங்கு வந்து தங்கி, வட்டாரத்து இளைஞர்களைக் கூலிக்கு அமர்த்தி, ஏறத்தாழ ஐம்பது கட்டடங்களின் முகப்புகளுக்கு வண்ணப் பட்டைகள் அடித்தார்கள். தலைவர் முகமோ கதையோ இல்லை. முழுத் தெருவுமே ஒரே ஓவியம். கடைக்காரர்களிடம் ஒவ்வொருவராகச் சென்று நிறம் காட்டிச் சம்மதம் பெற்றது அந்த வேலையின் கடினமான பகுதி. ஆனால் வண்ணம் அடித்ததும் வியாபாரம் பெருகும் என்ற எதிர்பார்ப்பு எளிதில் நிறைவேறக்கூடியதல்ல. கடன், வாடகை, வாங்குபவர் கையிருப்பு ஆகியவை தூரிகைக்கு எட்டாதவை.

அளந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிலடெல்பியாவின் ஓவியங்களை மனநலத்தோடு இணைத்து ஆராய்ந்து 2015-இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஓவியங்கள் எழுந்த பகுதிகளில் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பும் மனநிலை கூடியதாக அது கூறுகிறது. இதை நான் சிறிய விளைவாகக் கருதவில்லை. எனினும் அருகில் வைத்துப் படிக்க வேண்டிய இன்னோர் ஆய்வு உண்டு. சார்லஸ் பிரானஸ் முதலியோர் அதே நகரில் 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் குப்பை அகற்றிப் புல் விதைத்துக் குட்டை வேலி போட்டார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழான வட்டாரங்களில் துப்பாக்கி வன்முறை ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தது. சுவரைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அதன் காலடியிலுள்ள மனையைப் பற்றியும் பேச வேண்டும் என்பதற்கு இதுவே ஆதாரம்.

மனை திருந்தினால் அதன் விலையும் ஏறும். ஸ்ட்ராபெரி மேன்ஷன் பகுதியில், ஜான் கோல்ட்ரேன் வாழ்ந்த வீட்டுக்குச் சற்றுத் தொலைவில், 2002-இல் அவருக்கு ஒரு சுவரோவியம் எழுந்தது. சிகாகோவின் மரியாதைச் சுவரில் இடம்பெற்ற அதே கோல்ட்ரேன். 2014-இல் புதிய குடியிருப்புகள் கட்டுவதற்காக அது இடிக்கப்பட்டது. மக்களும் இசை அன்பர்களும் வருந்திக் குரல் எழுப்பிய பின், 2017-இல் அதே வட்டாரத்தின் வேறொரு சுவரில் புதிய ஓவியம் வந்தது. பக்கத்து மனை வெறுமையாய்க் கிடக்கும் வரைதான் பொதுச்சுவர் கண்ணுக்குத் தெரியும். அங்கே மீண்டும் வீடு எழுந்தால் சுவர் பழையபடி இரண்டு வீடுகளுக்கு நடுவே மறைந்துவிடும். தெரு உயிர்பெறுவதற்கு ஓவியமே விலையாகிறது. அத்தெருவில் யார் வாழப்போகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த விலை நியாயமாகவும் இருக்கலாம், கொடுமையாகவும் இருக்கலாம்.

சட்டம் இதில் பாதி தூரமே வருகிறது. 1990-இல் இயற்றப்பட்ட காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம் மதிப்புள்ள படைப்பை அழிப்பதற்கு எதிராகக் கலைஞருக்கு உரிமை தருகிறது. நியூயார்க் குவீன்ஸ் பகுதியில் ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தின் ஓவியங்கள் 2013-இல் ஓரிரவில் வெள்ளையடிக்கப்பட்டதற்கு, 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் வழங்க 2018-இல் தீர்ப்பானது. ஆனால் ஓவியத்தில் தன் பாட்டியின் முகத்தைக் காணும் தெருக்காரருக்கு அச்சட்டத்தில் எந்த இடமும் இல்லை. போர்ட்லாந்து நகரம் வேறு வழி கண்டிருக்கிறது. பொதுநிதியில் வரையும் சுவருக்கு அதன் உரிமையாளர் மாநகராட்சியிடம் வசதியுரிமை, அதாவது சுவரை ஓவியத்துக்குப் பயன்படுத்தும் உரிமை, எழுதித் தர வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு. அக்ரிலிக் வண்ணம் இருபது ஆண்டு தாங்கும்போது ஐந்து ஆண்டு உரிமை போதாது. அந்த உரிமையைப் பெறுபவர் மாநகராட்சியாக மட்டும் இருக்கவும் வேண்டியதில்லை. சுவரை வேண்டி விண்ணப்பித்த வட்டாரத்தாரின் சங்கத்தின் பெயரிலேயே, சுவரும் அதன் முன்னுள்ள மனையும் சேர்ந்த ஓர் ஆவணமாக அது பதிவாக முடியும். அப்படிப் பதிவான சுவர்களையும் பதிவாகாத சுவர்களையும் முப்பது ஆண்டுக் கால அளவில் ஒப்பிடும் வேலை இத்துறை ஆய்வாளர்கள் முன் இருக்கிறது. அதற்கு ஓவிய ஆவணங்களோடு பத்திரப்பதிவு ஏடுகளையும் புரட்ட வேண்டும்.