ஆயிரத்து இருநூறு சிசிக்குள் ஒரு வேகம்

2013இல் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வந்தபோது, கோவையில் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு கொடுக்கும்?"

அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு வரிச் சட்டம் இருந்தது. 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் கார், இன்ஜின் 1200 சிசியைத் தாண்டாவிட்டால், கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. அந்தச் சலுகை வேண்டுமென்றால் பெரிய இன்ஜினுக்கு வழியில்லை. ஜிடியில் 1197 சிசிதான். டர்போ காற்றை அழுத்தித் திணிக்க, 105 குதிரைசக்தி கிடைத்தது. சோதனைச் சான்றிதழ் சொன்ன மைலேஜ், லிட்டருக்கு 17 கிலோமீட்டர் சொச்சம்.

நான் அதை நம்பவில்லை. அவிநாசி சாலை பங்க்கில் டேங்கை நிரப்பி, சேலம் போய்த் திரும்பி, அதே பம்பில் மறுபடி நிரப்பினேன். எண்பதைத் தாண்டாமல் ஓட்டியதில் பதினேழு வந்தது. அடுத்த வாரம் லாரிகளை முந்தி முந்திப் போனேன், பதினொன்று. டர்போ காற்றைக் கூட்டினால் பெட்ரோலும் கூடத்தானே வேண்டும்! என் வலது காலின் கணக்கு அது. இரண்டு ரசீதுகளும் இன்னும் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கின்றன.