முடிதிருத்துவோர் வரலாறு: களத்துமேடு முதல் கடைவீதி வரை

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறும் தமிழ்க் குடும்பத்தார் முதலில் விசாரித்து அறியும் இடங்கள் சில உண்டு. அரிசிக் கடை, கோயில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அவற்றுக்கு அடுத்தபடியாக முடிதிருத்தும் நிலையம். மொழி அறியாத ஊரில் நாற்காலியில் அமர்ந்து, ‘பின்புறம் சற்றுக் குறைத்தால் போதும்’ என்பதைச் சைகையால் உணர்த்த முயன்ற அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். ஆயினும், நம் கழுத்தருகே கத்தி பிடிக்கும் அளவுக்கு நாம் நம்புகின்ற அத்தொழிலாளரின் வரலாற்றை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அவர் யாருக்குப் பணி செய்யலாம், யாருக்குச் செய்யக்கூடாது, என்ன கூலி பெறலாம் என்பவற்றையெல்லாம் நெடுங்காலம் ஊரே தீர்மானித்தது. அந்நிலை மாறிய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தொழிலாளரைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பெயர்களே ஒரு சிறு வரலாறு எனலாம். நாவிதர் என்பது பரவலாக வழங்கும் பெயர். மருத்துவர், பண்டிதர் என்ற பெயர்களும் உண்டு. தென்பாண்டி நாட்டில் பரியாரி என்பர். பரிகாரம் செய்பவர், அதாவது நோய் தீர்ப்பவர் என்பது அதன் பொருள். கொங்கு நாட்டில் குடிமகன் என்பர். இப்பெயர்களை நோக்கும்போது, முடி களைவது இவர்தம் பணிகளுள் ஒன்றே என்பது புலனாகும். கட்டியை அறுத்துச் சீழ் அகற்றுதல், புண்ணுக்கு மருந்திடுதல், மூலிகை கொடுத்தல் ஆகியவையும் இவர் கையில் இருந்தன. இவர்கள் வீட்டுப் பெண்டிர் ஊருக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்தனர். மருத்துவச்சி என்ற சொல் அவர்களால் நிலைபெற்றது.

கத்தி பிடித்த கையே அறுவை மருத்துவமும் செய்தது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1540-ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் நாவிதர் சங்கமும் அறுவை மருத்துவர் சங்கமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1745-இல்தான் அவை பிரிந்தன. அங்கே பிரிந்து சென்ற அறுவை மருத்துவர் கல்லூரி கண்டு உயர்ந்தார். இங்கோ, 1835-இல் சென்னையில் மருத்துவப் பள்ளி தோன்றி மேனாட்டு மருத்துவம் வேரூன்றிய பின், பரியாரியின் மருத்துவ அறிவு சிறுகச் சிறுகப் புறந்தள்ளப்பட்டது. மருத்துவர் என்ற பெயர் மட்டும் அவரிடம் எஞ்சியது.

இனி, கூலியைக் காண்போம். தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிற்பணியாளர்க்கு வகுத்த பங்குகளை விரிவாகக் கூறுகின்றது. தளிச்சேரிப் பெண்டிர் 400 பேருக்கு ஆளுக்கொரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அதே வரிசையில் வண்ணார், குயவர், தையற்காரர், தச்சர் ஆகியோருடன் நாவிதரும் இடம்பெறுகின்றனர். தொழிலுக்கு நெல்லால் ஊதியம் அளக்கும் வழக்கம் அத்துணைப் பழமையானது.

கோயிலில் நெல் அளந்தது போலவே சிற்றூர்களிலும் அளந்தனர். ஆண்டு முழுவதும் ஒரு குடும்பத்தின் ஆடவர் அனைவர்க்கும் சவரம் செய்தால், அறுவடையின்போது களத்துமேட்டில் அக்குடும்பம் அவருக்குரிய நெல்லை அளக்கும். இதனைக் களத்துச் சுதந்திரம் என்றனர். சில ஊர்களில் மானிய நிலமும் உண்டு. திருமணம், காதுகுத்து, இறப்பு முதலிய நிகழ்ச்சிகளில் வேட்டி, அரிசி, சில்லறைக் காசு ஆகியவை தனியே கிடைக்கும். மராத்திய நாட்டில் ‘பலுதே’ என்ற பெயரால் வழங்கியதும் இதனை ஒத்த முறையே. மழை பொய்த்து விளைச்சல் குறைந்தால் இவர் பெறும் பங்கும் குறையும், வேலையோ குறையாது. கூலி போதவில்லை என்று வேறு ஊர் செல்லவும் எளிதில் இயலாது. சுதந்திரம் என்ற பெயர் கொண்ட அக்கூலி அவரை ஊரோடு கட்டிப்போட்டது.

அவரது அன்றாட வாழ்வு விடியுமுன் தொடங்கும். சவரக்கத்தி, கத்தரி, சீப்பு, நகம் களையும் கருவி, தண்ணீர்க் கிண்ணி, தீட்டுகல், தோல்வார் ஆகியவை அடங்கிய அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகச் செல்வார். திண்ணையிலோ தொழுவத்திலோ மரத்தடியிலோதான் வேலை. வீட்டினுள் அவருக்கு இடமில்லை. குழந்தையின் முதல் முடி இறக்குவதும், மணமகனுக்கு முகம் மழிப்பதும், இறப்புச் செய்தியை உறவினர் ஊர்களுக்குக் கொண்டு செல்வதும், நீர்மாலைக்கும் கருமாதிக்கும் உடன் நிற்பதும் அவர் கடமைகள். கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமையும் அவருக்கே உண்டு. அவ்வாழ்த்தைக் கம்பர் இயற்றியதாக மரபு கூறும். நீண்ட அப்பாடலை மனப்பாடமாகச் சொல்லி மணமக்களை வாழ்த்துபவரை, மறுநாள் காலையில் திண்ணைக்கு மேல் ஏறவிடாத சமுதாயமாக நாம் இருந்திருக்கின்றோம்.

இந்த ஒழுங்குமுறையில் மற்றொரு கொடுமையும் இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இவர் சவரம் செய்யக்கூடாது என்று ஊர் தடுத்தது. மீறினால் மற்றவர் வீட்டு வேலையும் நெல்லும் போய்விடும். அண்ணல் அம்பேத்கர் தம் இளமை நினைவுகளில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். சதாராவில் நாவிதர்க்குக் குறைவில்லை. கூலி கொடுக்க அவர் குடும்பத்துக்கு வசதியும் இருந்தது. ஆயினும் தீண்டாமையால் எந்த நாவிதரும் வர இயலாத நிலையில், அவருடைய தமக்கையாரே உடன்பிறந்தார் அனைவர்க்கும் முடி வெட்டினார்.

காந்தியடிகளும் இதே தொழிலின் வாயிலாகத் தீண்டாமையை உணர்ந்தார். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில் ஓர் ஆங்கிலேய நாவிதர் அவருக்கு முடி வெட்ட மறுத்தார். அடிகள் கத்தரி வாங்கிக் கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். நீதிமன்றத்தில் நண்பர்கள் நகைத்தனர். பின்னர்த் தம் தன்வரலாற்றில் அதனை நினைவுகூர்ந்தபோது, அவர் அந்த நாவிதரைப் பழிக்கவில்லை. கறுப்பருக்குப் பணி செய்தால் வெள்ளையர் வரமாட்டார்கள் என்பதே அவரது அச்சம்; நம் நாட்டில் தீண்டப்படாதோர்க்கு நம் நாவிதரைப் பணி செய்ய விடாத நமக்குக் கிடைத்த தண்டனை இது என்று அடிகள் எண்ணினார்.

ஊர் மறுக்கச் சொன்னபோது மறுத்தவர்களே, ஊர் செய்யச் சொன்னதையும் ஒருமுறை மறுத்தனர். கணவனை இழந்த உயர்குலப் பெண்களின் தலையை மழிக்கும் கொடிய வழக்கம் அக்காலத்தில் இருந்தது. 1890-ஆம் ஆண்டில் பம்பாயில், தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியால் நாவிதர்கள் ஒன்றுகூடி, இனி விதவையரின் தலையைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டனர். அதனால் வரும் வருவாயை இழக்க அவர்கள் அஞ்சவில்லை. பெண்ணுரிமை வரலாற்றில் கற்றறிந்தோர் பலரைப் பேசும் நாம், கல்வி வாய்ப்புப் பெறாத இத்தொழிலாளர் செய்த அறத்தையும் பேச வேண்டும்.

நாடு விடுதலை பெற்றபின் சட்டம் துணைக்கு வந்தது. கடைகளுக்குள் நுழைவதில் எவர்க்கும் பாகுபாடு கூடாது என்ற விதியை 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை விவாதித்தது. அப்போது, ‘கடை’ என்னும் சொல் நுழைவதை மட்டும் குறிப்பதன்று, பொதுமக்களுக்குப் பணி செய்ய முன்வருவோரிடம் அப்பணியைப் பெறும் உரிமையையும் குறிக்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். தமக்கையின் கையால் முடி வெட்டிக்கொண்ட சிறுவனே அந்த விளக்கத்தை அளித்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கின்றது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயருடன் கடுமையாக்கப்பட்டது. எனினும், சட்டம் எட்டாத சிற்றூர்கள் இன்னும் உள்ளன என்பதை மறைப்பதற்கில்லை.

சட்டத்துக்கு முன்பே நகரம் ஒரு மாற்றத்தைத் தொடங்கிவிட்டது. நகரத்துச் சலூனில் நெல் இல்லை, காசு உண்டு. காசு கொடுத்தவர் எவராயினும் நாற்காலியில் அமரலாம்; தொழிலாளியும் கூலியைத் தாமே சொல்லலாம். திண்ணைக்குக் கீழே நின்றவர் தம் கடைக்குத் தாமே உரிமையாளர் ஆனார். சொந்தக் கடை இல்லாதவர் பல இடங்களில் பங்கு முறையில் உழைக்கின்றார். அன்றைய வசூலில் ஒரு பாதி அவருக்கு, மறுபாதி கடைக்காரருக்கு. எனவே செவ்வாய்க்கிழமை கடை அடைப்பும் அமாவாசையும் அவரது வருவாயை நேரே தாக்கும்.

கைத்திறனும் மாறி வந்துள்ளது. தோல்வாரில் கத்தி தீட்டி, மயிரின் போக்கறிந்து, தோலை இழுத்துப் பிடித்து மழிப்பது பல ஆண்டுப் பயிற்சியால் வருவது. 1904-இல் ஜில்லெட் காப்புரிமை பெற்ற பாதுகாப்புச் சவரக்கருவி வீடுகளுக்கு வந்தபின், அன்றாடச் சவர வேலை குறைந்து முடிவெட்டே முதன்மை ஆயிற்று. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு பரவிய விழிப்புணர்வால், ஒருவருக்கு ஒரு புதிய பிளேடு என்னும் வழக்கம் கடைகளில் நிலைபெற்றது. அன்று புண்ணுக்கு மருந்திட்ட பரியாரியின் வழிவந்தவர், இன்று நோய் பரவாமல் காக்கும் பொறுப்பையும் ஏற்றிருக்கின்றார்.

வெளியூரில் வாழும் நமக்குத் தமிழர் நடத்தும் சலூன் ஒரு சிறு தமிழ்ச் சங்கமே ஆகும். நாளிதழ் அங்கே பலர் கை மாறும். ஊர்ச் செய்தியும் வாடகை வீட்டுத் தகவலும் வேலைவாய்ப்பும் அங்கே கிடைக்கும். நம்மைப் போலவே அவரும் ஊரைவிட்டு வந்தவர். நாம் ஊதியம் நாடி வந்தோம். அவரோ ஊதியத்துடன் மரியாதையையும் நாடி வந்தார். ஊதியத்தை நாம் கொடுத்துவிடுகின்றோம். ‘டேய்’ என்று அழைத்த தலைமுறையின் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, ‘அண்ணே’ என்று அழைக்க நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போமாயின், களத்துமேட்டில் அவருக்கு அளக்காமல் விட்ட மரியாதையில் ஒரு பகுதியையேனும் அளந்தவர்கள் ஆவோம்.